லெந்து நாட்களில் நான் விட்ட பவர் ஸ்டியரிங்

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாட்களில் எதையாவது விட்டுவிட வேண்டும் என்பது எங்கள் வீடுகளில் வழக்கம். லெந்து நாட்கள் என்போம். பெரும்பாலானவர்கள் கறியை விடுவார்கள். சிலர் காபியை விடுவார்கள். அந்த வீட்டில் மற்றவர்கள் படுகிற பாடு தனித் தபசு. என் மனைவி குளோரி ஒரு வருடம் டிவி சீரியலை விட்டாள் (கதை என்னாச்சு என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் தினமும் கேட்டுக்கொள்வாள், அது கணக்கில் வராதாம்). என் மாமியார் ஒரு வருடம் என்னைக் குறை சொல்வதை விட்டுவிடுவதாக அறிவித்து, லெந்தின் முதல் நாளான சாம்பல் புதன் மத்தியானம் வரைக்கும் தாக்குப்பிடித்தார்.

நான் ஒரு வருடம் பவர் ஸ்டியரிங்கை விட்டேன்.

கார் ஓட்டாதவர்களுக்காக ஒரு வார்த்தை. சுண்டுவிரலால் ஸ்டியரிங்கைத் திருப்புகிறோமே, அது விரலின் சாமர்த்தியம் இல்லை. எஞ்சினோடு சேர்ந்து ஓடுகிற ஒரு சின்ன பம்ப், எண்ணெயை அழுத்தி அனுப்பி, நமக்குப் பதிலாகச் சக்கரத்தைத் தள்ளிக்கொடுக்கிறது. அதைக் கழற்றிவிட்டால் அப்புறம் நீங்கள் ஆச்சு, கார் ஆச்சு. இது எனக்கு முன்னாடியே தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் நான் குரோம்பேட்டையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் வாத்தியார். உராய்வு விசை பற்றி வருடா வருடம் பாடம் எடுத்து, வருடா வருடம் அதில் பிள்ளைகளை ஃபெயிலும் ஆக்குகிறவன்.

கார் என் மாமனாருடையது. அவர் காலமான பிறகு எங்களிடம் வந்தது. வயதான வெள்ளைக் கார். அந்த வருடம் ஜனவரியில் அதன் ஸ்டியரிங் எண்ணெய் ஒழுக ஆரம்பித்தது. அந்த எண்ணெய் நல்ல சிவப்பு. எங்கள் ஆலய வளாகத்தில் அப்போதுதான் புதிதாகக் கல் பதித்திருந்தார்கள். நான் வண்டி நிறுத்துகிற இடத்தில் ஞாயிறுதோறும் ரத்தம் சொட்டின மாதிரி ஒரு வட்டம் விழுந்தது. ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் அதைச் சுற்றி நின்று, யாருக்கு அடிபட்டிருக்கும் என்று விசாரணை நடத்தின. சபைச் செயலாளர் சாமுவேல் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வண்டியைக் கொஞ்ச நாள் வெளியே நிறுத்தும்படி ரொம்ப மரியாதையாகச் சொன்னார்.

அதே ஜனவரியில் என் மாமியாருக்கு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. எஸ்தர் டீச்சர் என்றால் தாம்பரம் கிழக்கில் ஒரு தலைமுறைப் பெண்களுக்கு இன்னும் முதுகு நிமிரும். பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தவர். எங்கள் சபையில் பாதிப் பெண்கள் அவருடைய விசிலுக்கு மைதானத்தைச் சுற்றி ஓடினவர்கள். மாமனார் போன பிறகு எங்களோடுதான் இருக்கிறார். ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. நடங்கள், வெளியே போங்கள் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். அத்தை வீட்டுக்குள் ஹாலுக்கும் அடுக்களைக்கும் கைத்தடியோடு நடந்தார். கேட்டைத் தாண்ட மட்டும் மாட்டேன் என்றார். வெயில் என்பார், தூசி என்பார், தெரு நாய் என்பார். உண்மை என்னவென்றால், விழுந்துவிடுவோமோ என்று பயம். பெண்பிள்ளைகளைத் தடை தாண்ட வைத்தே சம்பாதித்தவருக்கு அதை வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை.

கிறிஸ்துமஸுக்குப் பிறகு அவர் கோயிலுக்கே வரவில்லை. குளோரி ஒருநாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே அழுதுவிட்டாள். "அம்மா இப்படியே உட்கார்ந்துடுவாங்களோன்னு பயமா இருக்குங்க" என்றாள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அத்தை என்னைத் திட்டாமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. அவர் திட்டாத வீடு எனக்குப் பழக்கமில்லை.

இந்த நிலைமையில்தான் காரை எடுத்துக்கொண்டு மெக்கானிக் பாபுவிடம் போனேன். குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஷெட் வைத்திருக்கிறான். கீழே படுத்துப் பார்த்துவிட்டு, சக்கரங்களை இழுத்துத் திருப்புகிற ஸ்டியரிங் ரேக்கே போய்விட்டது என்றான். அதற்குள் நான் இணையத்தில் ஒரு வீடியோ பார்த்துவிட்டிருந்தேன். அதில் ஒருவர் பவர் ஸ்டியரிங்கைக் கழற்றி எறிந்துவிட்டு, சிரித்துக்கொண்டே ஓட்டிப்போனார். (அவர் கை என் தொடை அளவு இருந்தது. அதை நான் கவனித்திருக்க வேண்டும்.) இதைச் சொன்னதும் பாபு மறுப்பே சொல்லவில்லை.

"பம்ப கயட்டிட்டு ரெண்டு ஓஸ் பைப்பையும் ஒண்ணா மாட்டி வுட்டா முடிஞ்சிது சார். லீக்கும் கெடையாது, ஒரு பேஜாரும் கெடையாது. வண்டி ஓடசொல்ல உனுக்கே தெரியாது. நிக்கசொல்ல மட்டும் கொஞ்சம் டைட்டா இருக்கும்."

பவர் இல்லாத மாடலுக்கென்றே வேறு ரேக் உண்டு, அதைத் தேடிப்பிடித்து மாட்டினால் திருப்ப லேசாக இருக்கும், கிடைக்க நாளாகும் என்றும் சொன்னான். எனக்கு ஏது பொறுமை? மறுநாள் சாம்பல் புதன். எதை விடுவது என்று இன்னும் முடிவு செய்யாமல் இருந்தேன். ரேக் வாங்குகிற பணத்தை லெந்து உண்டியலில் போட்டுவிட்டு, சொகுசை ஒறுத்து, வெறும் கையால் வண்டி ஓட்டுகிற ஒரு பக்தனாக என்னை நானே பார்த்தேன். புல்லரித்தது. கழற்றிவிடச் சொன்னேன்.

திரும்பி வரும்போது ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டி பறந்தது. ஸ்டியரிங் கையில் கெட்டியாக, உயிரோடு இருந்தது. ரோட்டின் ஒவ்வொரு மேடும் உள்ளங்கைக்குத் தெரிந்தது. மனுஷன் இத்தனை வருடம் ரோட்டோடு தொடர்பே இல்லாமல் வாழ்ந்துவிட்டானே என்று வருத்தப்பட்டேன். பாட்டுக்கூடப் பாடினேன் என்று நினைக்கிறேன். அதெல்லாம் சேலையூரில் எங்கள் தெரு வரும் வரைக்கும்தான்.

எங்கள் வீட்டு கேட்டுக்குள் நுழைய வண்டியை மெதுவாக்கி இடப்பக்கம் ஒடிக்க வேண்டும். ஒடித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் பலமாக ஒடித்தேன். கார் என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. சீட்டிலிருந்து எழும்பி, ஸ்டியரிங்கில் பாதி உடம்பைத் தொங்கவிட்டேன். நெஞ்சு பட்டு ஹாரன் அலறியதில் தெருவே வெளியே வந்தது. ஜன்னலிலிருந்து அத்தையின் குரல் வந்தது: "மாப்ள, கார் ஓட்டுறீங்களா, கிணத்துல தண்ணி இறைக்கிறீங்களா?"

அன்று ராத்திரி தோளுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்தபோது எனக்குள் வந்தது வலியைவிடப் பெரிய பிரமிப்பு. ஒரு கையில் அடங்குகிற பம்ப். இத்தனை வருடம் இந்த வேலையை முணுமுணுக்காமல் செய்திருக்கிறது. ஒரு நாள்கூட நான் அதற்கு நன்றி சொன்னதில்லை. தலைமை ஆசிரியர்கள்மேல் வராத மரியாதை அந்த பம்ப்மேல் வந்தது.

ஆனாலும் விரதம் விரதம்தானே. வளைவில்லாத வாழ்க்கைக்குப் பழகிக்கொண்டேன். ஒருநாள் பள்ளியிலிருந்து வரும்போது தாம்பரத்தில் திரும்பத் தெம்பில்லாமல் நேரே போய், பெருங்களத்தூர் தாண்டி, வண்டலூர் பக்கம் ஒரு பெரிய பெட்ரோல் பங்க்கில் நுழைந்து, அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். சும்மா போனால் நன்றாக இருக்காதே என்று பெட்ரோலும் போட்டேன். என் சட்டைகள் கைப்பக்கம் மட்டும் பிடிக்க ஆரம்பித்தன.

குருத்தோலை ஞாயிறு நெருங்கியது. ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறு காலையில் சபையார் எல்லோரும் குருத்தோலை பிடித்து, பாடிக்கொண்டு, தெருக்கள் வழியாகக் கோயிலுக்கு நடந்து வருவோம். முன்னால் மைக் செட் கட்டின வண்டி ஒன்று போகும். அத்தை வாழ்நாளில் தவறவிடாத ஒரே காரியம் அந்தப் பவனி. வழக்கமாக வருகிற லோடு ஆட்டோ இந்த வருடம் வராது என்று சாமுவேல் அண்ணன் கவலைப்பட்டபோது எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. என் காரைத் தருகிறேன், முன் சீட்டில் எஸ்தர் டீச்சர் உட்கார்ந்து மைக்கில் ஓசன்னா சொல்லட்டும் என்றேன். பாதையை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருந்தேன். ராஜகீழ்ப்பாக்கத்தில் தொடங்கி மெயின் ரோட்டிலேயே நேராக வந்து, கோயில் பக்கம் ஒரே ஒரு திருப்பம். அதுவும் அகலமானது.

அத்தையிடம் சொன்னதும், "நான் என்ன பார்சலா, ஏத்திட்டுப் போறதுக்கு?" என்றார். ஜன்னல் வழியாகக் காரை எட்டிப் பார்த்தார். அப்புறம், "அவர் கார்லயா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். மறுநாள் வெள்ளைப் புடவையை எடுத்து இஸ்திரி போடச் சொன்னார். குளோரி என்னைப் பார்த்த பார்வையை நான் கல்யாணத்துக்கு அப்புறம் பார்த்ததே இல்லை.

ஞாயிறு காலையில் அத்தை கேட்டைத் தாண்டி வந்து காரில் ஏறினார். ஒரு கையில் குருத்தோலை, இன்னொரு கையில் மைக். பின் சீட்டில் ஆம்ப்ளிஃபயரும் பாட்டரியும். மேலே ரெண்டு ஸ்பீக்கர். கிளம்புகிற இடத்தில் சாமுவேல் அண்ணன் ஜன்னல் பக்கம் குனிந்து, மெயின் ரோட்டைப் பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டிப் போட்டிருப்பதால் பவனி உள்தெரு வழியாகப் போகிறது என்றார். சின்னச் சின்ன டர்னிங்தான் தம்பி, ஒண்ணும் சிரமம் இருக்காது என்றும் ஆறுதல் சொன்னார்.

இந்த வண்டி திரும்பாது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் அத்தை இறங்கிவிடுவார். ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போவார். இன்னொரு முறை அவரைக் கேட்டுக்கு வெளியே கொண்டுவர யாராலும் முடியாது. பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். சீட் பெல்ட் போட்டு, முதுகு நிமிர்த்தி, புருஷன் ஓட்டும்போது உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். வாயை மூடிக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

ஓடுகிற சக்கரம் உருண்டுகொண்டே திரும்பும். நிற்கிற சக்கரம் ரோட்டைத் தேய்த்துக்கொண்டுதான் திரும்பும். இது என் சொந்தப் பாடம். பவனி போகிற வேகமோ நடை வேகம். பவர் ஸ்டியரிங் இல்லாத காரை ஓட்ட இதைவிட மோசமான வேகத்தை மனித குலம் கண்டுபிடிக்கவில்லை. முதல் திருப்பத்தில் பல்லைக் கடித்துத் தொங்கினேன். என் தொண்டையிலிருந்து ஒரு முனகல் வந்தது. அத்தை கையில் இருந்த மைக் அதை ரெண்டு ஸ்பீக்கரிலும் தெருவுக்குக் கொடுத்தது. பின்னால் வந்த சபை அதையும் துதியில் சேர்த்துக்கொண்டு, "ஓசன்னா" என்று பதில் சொன்னது.

அடுத்த திருப்பத்தில் வண்டி நின்றேவிட்டது. வண்டியின் மூக்கு ஏழுமலை என்பவரின் காம்பவுண்டு சுவரை முகர்ந்துகொண்டிருந்தது. முன்னும் போக முடியாது, பின்னால் சபை. பாட்டு முன்வரிசையில் நின்று, அப்படியே ஒவ்வொரு வரிசையாக அணைந்துகொண்டே போனது. கடைசி வரிசைக்கு விஷயம் தெரியாமல் அவர்கள் மட்டும் சரணத்தைப் பாடி முடித்தார்கள்.

ஏழுமலை அந்த இடத்துக்காரர். நாங்கள் எல்லாம் வீடு கட்டியிருக்கிற நிலத்தில் அவர் குடும்பம் ஒரு காலத்தில் நெல் போட்டது. இப்போது சிமெண்ட், கம்பி வியாபாரம். வருடா வருடம் பவனிக்கு மோர் கொடுப்பார். மோர்ப் பானையோடு நின்றவர் காரைச் சுற்றி வந்து பார்த்தார்.

"இன்னா வாத்தியாரே, தேர் மாரி நின்னுகினு கீது? எங்க அம்மன் தேரு மூலையில திரும்பசொல்ல, சக்கரத்துக்கு அடியில தகடு போட்டு எண்ணெ ஊத்துவோம். வூட்ல எண்ணெ கீது. தகடுதான் இல்ல."

அவர் கிண்டலுக்குத்தான் சொன்னார். அத்தை கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. தன் கையிலிருந்த குருத்தோலையைத் தடவிப் பார்த்தார். வழவழப்பாக இருந்திருக்க வேண்டும். அப்புறம் மைக்கை வாய்க்குக் கொண்டுபோனார். அந்த மைதானத்துக் குரலை நான் அதுவரை கேள்விப்பட்டிருந்தேனே தவிரக் கேட்டதில்லை.

"பெண்கள் ஐக்கிய சங்கம், முன்னாடி வாங்க. முந்தானையைச் செருகுங்க."

வந்தார்கள். பாங்க் மேனேஜர் வந்தார், நர்ஸம்மா வந்தார், என் பள்ளியின் கணக்கு டீச்சர் வந்தார், குளோரியும் வந்தாள். ஏன், எதற்கு என்று ஒருத்தரும் கேட்கவில்லை. பம்பருக்கும் சக்கர வளைவுக்கும் கீழே கைகொடுத்துக் குனிந்து நின்றார்கள். உதவிக்கு ஓடிவந்த ஆண்களை அத்தை, "நீங்க பின்னாடி நின்னு பாடுங்க" என்று அனுப்பிவிட்டார். ஒன், டூ என்றார். த்ரீ சொன்னபோது காரின் முன்பக்கம் எழும்பியது. நான் உள்ளேதான் இருந்தேன். இறங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. என் கால் பக்கம் ரோட்டைவிட்டு மேலே போவதைப் பார்த்துக்கொண்டு வாய் பிளந்து உட்கார்ந்திருந்தேன்.

அத்தை தன் ஓலையை ஜன்னல் வழியாக நீட்டினார். அதுதான் முதலில் சக்கரத்துக்கு அடியில் போனது. அப்புறம் மற்றவர்களுடையது. ஏழுமலை எண்ணெய் ஊற்ற, அதன்மேல் இன்னொரு அடுக்கு ஓலை. காரை இறக்கினார்கள். "இப்ப திருப்புங்க மாப்ள" என்றார் அத்தை.

ரெண்டு விரலால் திருப்பினேன். ஓலைமேல் ஓலை வழுக்கிக்கொண்டு, சக்கரம் பாட்டுக்குத் திரும்பியது. சத்தியமாக என் கண் கலங்கிவிட்டது. உராய்வைக் குறைக்கும் வழிகள் என்று கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதிப்போட்டிருக்கிறேன். அதை ஒருநாளும் இவ்வளவு அழகாகப் பார்த்ததில்லை. முதல் குருத்தோலைப் பவனியில் ஜனங்கள் வழியில் கிளைகளைப் பரப்பினார்கள் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். அலங்காரத்துக்கு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். (அந்தக் கழுதைக்குத் திரும்புவதில் சிரமம் இருந்ததாகத் தெரியவில்லை.)

அதன்பிறகு ஒவ்வொரு திருப்பத்திலும் இதே திருப்பணி நடந்தது. ஏழுமலை மோர்ப் பானையை வீட்டில் கொடுத்துவிட்டு எண்ணெய்க் கேனோடு கூடவே நடந்தார். ஒரு மூலை திரும்பியதும் நசுங்கின ஓலைகளைப் பொறுக்கிக்கொண்டு அடுத்த மூலைக்கு ஓடினார்கள். தூக்குகிற தாளத்துக்குப் பாட்டும், பாட்டுக்கு ஏற்றபடி தூக்குவதுமாக ஏதோ ஒரு கட்டத்தில் ரெண்டும் ஒன்றாகிவிட்டன. மாடிகளிலிருந்து ஜனங்கள் போன் பிடித்து எடுத்தார்கள். எனக்கு வெட்கமே வரவில்லை. இவ்வளவு பெரிய காரியத்துக்கு நடுவில் உட்கார்ந்திருப்பவனுக்கு வெட்கப்பட எங்கே நேரம்?

கடைசித் திருப்பம் கோயில் கேட். அங்கே ஒரு சின்ன ஏற்றமும் உண்டு. பெண்கள் குனிந்து தூக்கினார்கள். கார் அசைந்தது, எழும்பவில்லை. இன்னொரு முறை தூக்கினார்கள். எல்லோருக்கும் கை ஓய்ந்துவிட்டது.

"உள்ள என்ன அவ்வளவு வெயிட்டு?" என்று அத்தை என்னைக் கேட்டார்.

ஆம்ப்ளிஃபயர், பாட்டரி என்று ஆரம்பித்து, அதற்குமேல் சொல்ல வாய் வராமல் நிறுத்தினேன். அத்தை என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "நான்தானே" என்றார். மைக்கை டாஷ்போர்டில் வைத்தார். பெல்ட்டைக் கழற்றினார். கதவைத் திறந்தார்.

குளோரி ஓடிவந்து கை கொடுக்கப் போனாள். அத்தை வேண்டாம் என்று தலையாட்டினார். கைத்தடியை முதலில் ரோட்டில் ஊன்றி, அப்புறம் ஒரு காலை, அப்புறம் புதுக் காலை. நின்றார். நான் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டேன், அதைப் பிடித்தால் அவர் விழமாட்டார் என்கிற மாதிரி.

கார் எழும்பியது. ஓலை போட்டார்கள். நான் திருப்பினேன். ஆனால் ஒருத்தரும் காரைப் பார்க்கவில்லை. அத்தை குனிந்து, சக்கரத்துக்குப் பின்னால் கிடந்த ஒரு ஓலையை எடுத்தார். டயரின் வரி வரியான தடம் அதில் அப்படியே பதிந்திருந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு, கேட்டுக்குள், அந்தப் புதுக் கல் தரைமேல், கோயில் வாசலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். தெரு மொத்தமும் மூச்சுவிடாமல் நின்றது. பாதி தூரத்தில் அவர் நின்று திரும்பினார்.

"என்ன பாக்குறீங்க? பாடுங்க."

பாடினார்கள். அப்படி ஒரு பாட்டை அந்தக் கோயில் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. கார் கேட்டில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக ஆராதனை முடிகிற வரைக்கும் நின்றது. சாமுவேல் அண்ணன் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் இருந்தார்.

ஈஸ்டர் முடிந்ததும் பாபு புது ரேக் மாட்டி, பம்ப்பைத் திரும்பப் பொருத்திவிட்டான். அதைத் தொட்டுக் கும்பிடாத குறைதான். அத்தை இப்போது காலையில் கேம்ப் ரோடு வரை நடந்து போய்ப் பால் வாங்கி வருகிறார், என்னை முன்னைவிட உரக்கத் திட்டுகிறார். சபையில் யாருக்காவது முழங்கால் ஆபரேஷன் என்றால், "பிசியோதெரபி எதுக்கு, எங்க மாப்ள கார்ல ஒரு ரவுண்டு போங்க, தானா எறங்கி நடப்பீங்க" என்பது அவருடைய நிலையான சிபாரிசு. லெந்து வந்தால் போதும், "இந்த வருஷம் எதை விடப்போறீங்க, பிரேக்கையா?" என்று குளோரியில் ஆரம்பித்து ஏழுமலை வரைக்கும் கேட்கிறார்கள்.

பழைய குருத்தோலைகளைத் திரும்ப வாங்கி, எரித்து, அந்தச் சாம்பலைத்தான் அடுத்த சாம்பல் புதனுக்குப் பயன்படுத்துவார்கள். வருடா வருடம் கோயிலிலிருந்து வந்து கேட்கும்போது, அத்தை வீட்டில் இருக்கிற மற்ற ஓலைகளை எடுத்துக் கொடுப்பார். கடிகாரத்துக்குப் பின்னால் செருகியிருக்கிற ஒன்றை மட்டும் தொடவிடமாட்டார். "இது இருக்கட்டும். இதுல அவர் டயர் இருக்கு" என்பார்.

மாமனார் போன பிறகு டயர் நாலையும் மாற்றியது நான்தான். இத்தனை வருடத்தில் அத்தையிடம் நான் வாய் திறக்காத விஷயம் அது ஒன்றுதான்.